கண் திறந்த குருட்டுக் கொக்கு

கிதிர்பூர் வைத்தீஸ்வரனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரைப் பற்றி முதலில் சொல்வது, மனிதர் இலக்கணத்தில் புலி என்பதுதான். மாயவரத்துப் பள்ளிக்கூடத்தில் மெட்ரிகுலேஷன் தேறியபோது ஆங்கில இலக்கணத்துக்காக அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மற்றப் பாடங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அந்த ஒரு பரிசை நம்பி 1904-ல் ரயிலேறி, ஹவுராவில் இறங்கி, கார்டன் ரீச்சில் ஹாட்லி பெர்கின்ஸ் என்ற கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். துரைகள் எழுதும் கடிதங்களில் விட்டுப்போன கமாவைப் போடுவதும் வேண்டாத கமாவை எடுப்பதும் அவர் வேலை. ஒருமுறை அவர் எடுத்த கமாவினால் ரங்கூனுக்குப் போகவேண்டிய சணல் மூட்டைகள் சிட்டகாங்குக்குப் போய்விட்டன. கடிதம் என்னவோ பிழையில்லாமல்தான் இருந்தது.

கிதிர்பூரில் ஒரு மாடி வீட்டில் மனைவி பாகீரதியோடும் கைக்குழந்தை சுப்புலக்ஷ்மியோடும் குடியிருந்தார். கீழ்த்தளத்தில் ஹரிபதோ பாபு என்ற ஹோமியோபதி வைத்தியர். இந்த மூன்று பேரோடு அவருடைய உலகம் முடிந்துபோயிருக்கும். சீமைக்குத் திரும்பும் ஒரு கப்பல் கேப்டனின் சாமான்களை ஏலம் விட்ட இடத்துக்கு அவர் போகாமல் இருந்திருந்தால்.

அங்கே ஒரு காமிரா வாங்கினார். மூன்று கால், கறுப்புத் துணி, கண்ணாடித் தகடு வைக்கிற பெட்டி எல்லாம் சேர்ந்தது. கூடவே ஒரு சிறிய செய்முறைப் புத்தகமும் வந்தது. அதை வங்காளத்துக் கரையான் ஏற்கெனவே படித்து முடித்திருந்தது. மிச்சம் இருந்த ஒரே பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் முழுசாக இருந்தன: ‘படத்துக்கு அமர்பவர் அசையாமல் இருக்கவேண்டும். சூரியன் பின்னால் இருக்கவேண்டும்.’

யாருக்குப் பின்னால்? காமிராவைத் தொட்டவன் எவனும் படம் எடுப்பவனுக்குப் பின்னால் என்றுதான் சொல்வான். வைத்தீஸ்வரன் அப்படிப் பொத்தாம்பொதுவாக முடிவு செய்கிற ஆள் இல்லை. முந்தின வாக்கியத்தின் எழுவாய் ‘படத்துக்கு அமர்பவர்.’ அடுத்த வாக்கியத்தில் வேறு ஆள் வரவில்லை. ஆகவே சூரியன் இருக்கவேண்டியது அமர்பவருக்குப் பின்னால். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மொட்டை மாடியில் சூரியனைப் பின்னால் விட்டு, பாகீரதியை மணையில் உட்காரவைத்து, குழந்தையை மடியில் கொடுத்து முதல் படத்தை எடுத்தார். குளியலறையை இருட்டாக்கி, சிவப்பு விளக்கு வைத்து, மருந்தில் கழுவி, காகிதத்தில் அச்செடுத்து மனைவியிடம் நீட்டினார்.

“யாருன்னா இது?”

“நீதான்.”

“நான் இப்படியா கரிச்சட்டியாட்டம் இருக்கேன்? மடியிலே என்ன, பூசணிக்காயா?”

“சுப்புலக்ஷ்மி.”

பாகீரதி படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அப்படியும் ஒன்றும் துலங்கவில்லை. “சூரியன் வேற பக்கம் இருந்திருக்கணுமோ என்னவோ” என்றாள்.

“சூரியன் சரியான இடத்துலேதான் இருந்தது. உன் மூஞ்சிதான் தப்பான பக்கம் திரும்பியிருக்கு.”

பௌபஜாரில் படக்கடை வைத்திருந்த ஒருவர் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். வைத்தீஸ்வரன் அவரிடம் எழுவாய் பயனிலையை விளக்கினார். கடைக்காரர் அதற்குப் பிறகு அவரைக் கண்டால் உள்ளே போய்விடுவார்.

ஆபீசில் மானேஜர் துரை சீமைக்குப் போகும் பிரிவுபசாரம் வந்தது. செலவில்லாமல் படம் எடுக்க ஆள் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். காலை வெயிலில் முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தி, சூரியனை அவர்கள் முதுகுக்குப் பின்னால் சரியாக வைத்து, வைத்தீஸ்வரன் எடுத்தார். படத்தில் வரிசையாகக் கறுப்பு உருவங்கள் நின்றன. எது துரை, எது பியூன் என்று தெரியவில்லை. தொப்பியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், மானேஜர் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றிவிட்டிருந்தார். வாசல் காக்கும் டர்வான் பெரிய தலைப்பாகையோடு நடுவே நின்றிருந்தான். பார்த்தவர்கள் எல்லாரும் அவனைத்தான் மானேஜர் என்றார்கள்.

வங்காளத்தைப் பிரித்த கோபத்தில் ஊரெங்கும் சுதேசி முழக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. துரைகளையும் ஊழியர்களையும் ஒரே நிறமாக ஆக்கிய படம் எந்த நோக்கத்தோடு எடுக்கப்பட்டது என்று புதிய மானேஜர் விளக்கம் கேட்டார். வைத்தீஸ்வரன் நாலு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். அதில் அரசியல் ஒரு வரியும் இல்லை; முழுக்க இலக்கணம். புதிய மானேஜருக்கு இலக்கணம் வராது. அதனால் வேலையிலிருந்து நீக்காமல், ‘இனிமேல் மனிதர்களைப் படம் எடுக்கக் கூடாது’ என்று ஒரு உத்தரவு போட்டார்.

வைத்தீஸ்வரன் உத்தரவை இரண்டு தடவை படித்தார். ‘மனிதர்களை’ என்றுதான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காமிராவைத் தூக்கிக்கொண்டு பெஹாலா பக்கம் நடந்தார். அங்கே நெல்வயல்களுக்கு நடுவே ஒரு பெரிய சதுப்பு. தண்ணீரில் கொக்கும் நாரையும் உள்ளானும் நிற்கும். மேற்குக் கரையில் முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கிழக்கே பார்த்தார். சூரியன் பறவைகளுக்குப் பின்னால் எழுந்தது. உள்ளான் ஓடிக்கொண்டே இருந்தது. நாரை அவரைக் கண்டதும் போய்விட்டது. ஒரே ஒரு பறவைதான் புத்தகத்தின் முதல் வாக்கியத்தைப் படித்தது போல அசையாமல் நின்றது. பக்கத்தில் போனாலும் பறக்காமல் கல் மாதிரி நிற்கிற மண்நிறக் கொக்கு. நம் ஊரில் அதைக் குருட்டுக் கொக்கு என்போம்.

கழுவின தகட்டை மாடி ஜன்னல் விளிம்பில் காயவைத்துவிட்டு அவர் கடைக்குப் போனார். பாகீரதி குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, கண்ணுக்கு மை இட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் பார்வை போயிற்று. காயும் தகட்டில் எல்லாம் மாறித்தான் தெரியும்: வெளிச்சமான வானம் கறுப்பாகவும், கறுத்த கொக்கு வெள்ளை வெளேரென்றும் இருந்தது. அந்த வெள்ளைக் கொக்குக்கு முகம் இருந்தது, மூக்கு இருந்தது, கண் மட்டும் இல்லை.

“இது என்ன பட்சின்னா?” என்று காலையில் கேட்டிருந்தாள். “குருட்டுக் கொக்கு” என்று அவர் சொல்லியிருந்தார்.

பாகீரதிக்கு மனசு கேட்கவில்லை. விரலில் மை இருந்தது. துடைப்பதற்கு முன்னால் கொக்கின் தலையில் கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். வைத்த பிறகு கொக்கு மிக லட்சணமாக ஆகிவிட்டது. யார் கண்ணாவது பட்டுவிடுமே என்று கன்னத்திலும் ஒரு பொட்டு வைத்தாள்.

தகட்டில் கறுப்பாக இருப்பது காகிதத்தில் வெள்ளையாக வரும். மறுநாள் அச்செடுத்த வைத்தீஸ்வரன் படத்தைப் பார்த்ததும் மாடியிலிருந்து கீழ்வீடு வரைக்கும் ஓடினார்.

“ஹரிபதோ பாபு! பாருங்கள், கண்!”

கருங்கொக்கின் தலையில் வெள்ளைக் கண் ஒன்று பளிச்சென்று திறந்திருந்தது. அதற்குக் கீழே கன்னத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று.

“கானா பொக்!” என்றார் ஹரிபதோ பாபு. வங்காளத்திலும் அதற்குக் குருட்டுக் கொக்கு என்றுதான் பெயர். “மொஷாய், குருட்டுக் கொக்குக்கு எப்படிக் கண் வந்தது?”

வைத்தீஸ்வரனிடம் பதில் தயாராக இருந்தது. சூரியன் பின்னால் இருப்பதால் வெளிச்சம் கொக்கின் அந்தப் பக்கத்துக் கண் வழியாகத் தலைக்குள் புகுந்து, இந்தப் பக்கத்துக் கண் வழியாக வெளியே வருகிறது; எதிர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வெயில் தெரிகிற மாதிரி. புத்தகம் சொன்னது சரி. பௌபஜார்க்காரன் சொன்னதுதான் தப்பு. கன்னத்துப் புள்ளி மட்டும் அவருக்கு விளங்கவில்லை. காதாக இருக்கலாம் என்றார் ஹரிபதோ பாபு.

அன்றைக்கு வைத்தீஸ்வரனுக்கு இருந்த சந்தோஷத்தில் மனைவியிடம், “இன்னிக்குக் கண்ணு ரொம்ப நன்னா அமைஞ்சிருக்கு” என்றார். பாகீரதிக்குக் கன்னம் சிவந்தது. அவர் இதுவரை அவள் செய்த எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஜன்னலில் எந்தக் கொக்கு காய்ந்தாலும் அவள் மை வைக்கத் தவறவில்லை.

வைத்தீஸ்வரனும் ஞாயிறு தவறாமல் பெஹாலாவுக்குப் போனார். துர்கா பூஜை லீவில் தினமுமே போனார். எடுத்த படங்களையெல்லாம் ஆராய்ந்ததில் இன்னொரு விசித்திரம் தெரிந்தது. மாதத்தில் ஒரு மூன்று நாள் கொக்குகளுக்குக் கண் தெரிவதில்லை. எத்தனை தகடு எடுத்தாலும் வெறும் கறுப்புத்தான். நாலாம் நாள் கண் திரும்ப வந்துவிடுகிறது. சந்திரனோடு சம்பந்தம் இருக்குமோ என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினார். சரியாகப் பொருந்தவில்லை, ஆனால் சுமாராகப் பொருந்தியது.

அந்த மூன்று நாளும் பாகீரதி தூரமாக ஒதுங்கி, சாமான்கள் போட்டிருக்கும் கடைசி அறையில் குழந்தையோடு இருப்பாள். வைத்தீஸ்வரன்தான் சமைப்பார். ரசத்தைப் பொங்கவிட்டு அடுப்பை அணைத்துக்கொண்டே, கொக்குகள் ஏன் இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டன என்று யோசிப்பார். இரண்டையும் சேர்த்து யோசிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

ஊரில் பறவை நேசர் சபை என்று துரைமார்கள் சிலர் நடத்திவந்தார்கள். அவர்கள் நடத்திய படப் போட்டிக்கு ஹரிபதோ பாபுவின் தூண்டுதலால் வைத்தீஸ்வரன் தம் கொக்குகளை அனுப்பிவைத்தார். கூடவே, வெளிச்சம் தலைக்குள் புகுந்து வருவதையும் மாதாமாதம் மூன்று நாள் கண் மூடுவதையும் ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சபையின் காரியதரிசி விட்டேக்கர் துரையே ஒரு குதிரை வண்டியில் கிதிர்பூருக்கு வந்து இறங்கினார்.

விட்டேக்கர் சர்க்கார் செக்ரட்டேரியட்டில் பெரிய உத்தியோகம். ஒல்லியான உயரமான மனிதர். நின்றால் அவரும் நாரை மாதிரி ஒரு காலில்தான் பாரத்தைப் போடுவார். சபையில் பாதிப் பேர் இது உலகம் அறியாத புதுக் கொக்கு என்றும், மீதிப் பேர் தகட்டில் அழுக்கு என்றும் சொல்வதாகச் சொன்னார். அழுக்குக் கட்சிக்குத் தலைவர் ஜட்ஜ் பென்ரோஸ். இருவர் முன்னிலையிலும் படம் எடுத்து, இருவர் முன்னிலையிலும் கழுவிக் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு.

ஒரு ஞாயிறு காலை இரண்டு துரைகளும் தூரக்கண்ணாடியோடு பெஹாலாச் சதுப்புக்கு வந்தார்கள். ஹரிபதோ பாபுவும் சாட்சியாக வந்தார். மேற்குக் கரையில் நாலு பேரும் வரிசையாக நின்று சூரியனை நேருக்கு நேர் பார்த்தார்கள்.

“எனக்கு ஒன்றும் தெரியவில்லை” என்றார் ஜட்ஜ்.

“விடாமல் பாருங்கள்” என்றார் விட்டேக்கர்.

விடாமல் பார்த்தார்கள். சற்றைக்கெல்லாம் ஜட்ஜ் தூரக்கண்ணாடியைக் கீழே இறக்கி, “கடவுளே, தெரிகிறது! வெள்ளைப் பொட்டு!” என்றார்.

“எங்கே? கொக்கின் கன்னத்திலா?”

“கொக்கின் கன்னத்தில் இருக்கிறது.” ஜட்ஜ் நேர்மையான மனிதர், பார்த்ததை மறைக்கமாட்டார். திரும்பி விட்டேக்கரைப் பார்த்தார். “உங்கள் மூக்கின் மேலும் இருக்கிறது. அதோ, அந்த எருமையிலும் இருக்கிறது.”

சூரியனை அத்தனை நேரம் பார்த்தவர்கள் எல்லாருக்கும் எங்கே பார்த்தாலும் பொட்டுத்தான் தெரிந்தது. ஹரிபதோ பாபு கண்ணுக்கு மருந்து மாத்திரை கொடுத்து, எல்லாரையும் வண்டியில் ஏற்றினார். ஜட்ஜ் வீட்டுக்குப் போய் இருட்டறையில் படுத்துவிட்டார். மிச்சச் சோதனையை விட்டேக்கர் ஒருவரே கிதிர்பூரில் நடத்தவேண்டியதாயிற்று.

காலையில் சதுப்பில் எடுத்த தகட்டைக் குளியலறையில் கழுவினபோது அவர் கூடவே நின்றார். ஈரமாக இருந்த தகட்டில் கொக்குக்குக் கண் இல்லை. காயவேண்டும் என்று வைத்தீஸ்வரன் அதை எப்போதும் போல் ஜன்னலில் வைத்தார். துரையை முன் அறையில் உட்காரவைத்து, தட்டில் தேன்குழல் கொண்டுவந்து கொடுத்தார். துரை அதைக் கடிப்பதா, உடைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன வைத்தீஸ்வரன், ஜன்னலருகில் பாகீரதி நிற்பதைப் பார்த்தார். இடுப்பில் குழந்தை. வலது கை விரலில் மை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, கொக்குக்குக் கண் வைத்துவிட்டு, கன்னத்துப் பொட்டுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தீஸ்வரன் கையிலிருந்த கூஜாவைத் தரையில் வைத்தார்.

“பாகீரதி, என்ன பண்றே?” குரல் கிசுகிசுவென்றுதான் வந்தது.

“மை வைக்கறேன்.”

“இதுக்கா?”

“எல்லாத்துக்கும்தான் வைக்கறேன். குருட்டுப் பட்சியைக் கண்ணில்லாம வீட்டை விட்டு வெளியிலே அனுப்பறதா? நீங்கதானே கண்ணு நன்னா அமைஞ்சிருக்குன்னேள்?”

“நான் கொக்கைச் சொன்னேன்டீ!”

“நானும் கொக்கைத்தான் சொல்றேன்.”

வைத்தீஸ்வரனுக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. “அப்போ அந்த மூணு நாள்... மாசாமாசம் மூணு நாள் கண்ணு காணாமப் போறதே?”

பாகீரதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே பொங்கி அணைந்த ரசமெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது.

பொய் சொல்வது அவருக்குப் பிழையான வாக்கியம் எழுதுவது மாதிரி, கை வராது. நேராக முன் அறைக்குப் போய், நின்றபடியே சொல்லிவிட்டார்: “சார், மன்னிக்கவேண்டும். அந்தக் கண் கொக்கினுடையது இல்லை. என் மனைவி வைத்தது.”

விட்டேக்கர் தேன்குழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

“ஜட்ஜ் உங்களை மிரட்டினாரா?”

“இல்லை சார். உண்மையாகவே என் மனைவிதான்.”

“மிஸ்டர் வைத்தீஸ்வரன், நான் உத்தியோகத்தில் நிறையப் பித்தலாட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பித்தலாட்டம் செய்கிறவன் தினமும் செய்வான். மாதத்தில் மூன்று நாள் லீவு எடுத்துக்கொள்ளமாட்டான். உங்கள் மனைவி வைத்ததென்றால், அந்த மூன்று நாள் மட்டும் ஏன் வைக்கவில்லை? சொல்லுங்கள்.”

வைத்தீஸ்வரன் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து பாகீரதி வேண்டுமென்றே ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்த சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

“பார்த்தீர்களா? பதில் இல்லை” என்றார் விட்டேக்கர். காய்ந்த தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணும் பொட்டும் கச்சிதமாக இருந்தன. “ஈரத்தில் இல்லாமல், காயும்போது தோன்றுகிறது. அற்புதம்!” முகர்ந்து பார்த்தார். “விளக்கெண்ணெய் வாசனை வேறு.”

புதுக் கொக்குக்கு வைத்தீஸ்வரன் பெயரையே லத்தீனில் திரித்து வைத்தார்கள். ஜட்ஜ் இரண்டு வாரம் கழித்துக் கண் தெளிந்து எழுந்து, எருமையிலும் பொட்டு இருந்ததே, அதற்கும் பெயர் வைக்கவேண்டாமா என்று சபையில் கேட்டார். அதன்மேல் எழுந்த சச்சரவில் சபை இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அன்று சாயங்காலமே அதே மண்டபத்தின் வராந்தாவில் தனியாகக் கூட்டம் போட்டது. இதையெல்லாம் ஹரிபதோ பாபு வந்து வந்து சொல்லுவார். வைத்தீஸ்வரன் காதைப் பொத்திக்கொள்வார்.

இனி மை வைக்காதே என்று பாகீரதியிடம் சொல்லிவிட்டார். அவளும் சரி என்றாள். அடுத்த ஞாயிறு எடுத்த படத்தில் கொக்கு குருடாக நின்றது. வைத்தீஸ்வரன் அதை மேஜை மேல் வைத்து, தள்ளி வைத்து, கவிழ்த்து வைத்துப் பார்த்தார். இத்தனை நாள் தம்மைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று பார்ப்பதை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் தகட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

“கொஞ்சம் மை இருந்தா வையேன்.”

“வேண்டாம்னேளே?”

“கண்ணுக்கு மட்டும் வை. கன்னத்துக்கு வேண்டாம்.”

“கண்ணு இருந்தா திருஷ்டியும் உண்டு” என்று சொல்லி, பாகீரதி இரண்டையும் வைத்தாள்.

1911-ம் வருஷக் கடைசியில், ராஜதானியைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஊரே திகைத்தது. ஹரிபதோ பாபு பத்திரிகையை வாசித்து முடித்ததும் மாடிப்படியில் நின்ற பாகீரதி கேட்டாள்: “ஒரு கொக்குச் சண்டைக்காகவா ஊரையே மாத்தறா?”

“பௌதி, காரணம் வேறே என்கிறார்கள்” என்றார் ஹரிபதோ பாபு. வங்காளத்தில் மன்னியைப் பௌதி என்பார்கள். அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

சபையின் இரண்டு பாதிகளிலும் செக்ரட்டேரியட் ஆட்கள்தான் அதிகம். ஆகவே இரண்டும் ஒரே ரயிலில் ஏறிப் போய்விட்டன. ஹவுரா ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போன வைத்தீஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டேக்கர் ஒரு வாக்குக் கேட்டார். மாதாமாதம் எந்த மூன்று நாள் கொக்குகள் கண்ணை மூடுகின்றன என்று ஒரு கார்டு போட்டால் போதும். சந்திரனோடு ஒப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்துகொண்டிருந்தது, துரை கையை விடவில்லை. விட்டால் போதும் என்று வைத்தீஸ்வரன் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த பிறகு படாத பாடு பட்டார். எழுதாவிட்டால் வாக்குத் தவறின பாவம். இஷ்டத்துக்குத் தேதி போட்டால் பொய். நிஜத் தேதியைப் போட்டால்... அதை நினைத்தாலே காது சுட்டது. கடைசியில் இலக்கணம்தான் கைகொடுத்தது. செயப்பாட்டு வினையில் எழுதினால் செய்தவர் பெயர் வராது. ‘இம்மாதம் பதினொன்று முதல் பதின்மூன்று வரை கண்கள் மூடப்பட்டிருந்தன.’ இதில் எந்தக் குற்றமும் இல்லை. யாரையும் குறிக்கவும் இல்லை. மாதம் தவறாமல் அப்படியே டில்லிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் இது ஒழுங்காக நடந்தது. அப்புறம் ஒரு மாதம் எழுத ஒன்றும் இருக்கவில்லை. ‘இம்மாதம் மூடப்படவில்லை’ என்று எழுதினார். அடுத்த மாதமும் மூடப்படவில்லை. மூன்றாம் மாதம் டில்லியிலிருந்து தந்தி வந்தது: ‘மிக மிக முக்கியம். கவனத்தைத் தளரவிடாதீர்கள்.’

வைத்தீஸ்வரன் கவனத்தைத் தளரவிடவில்லை. பாகீரதிக்கு மசக்கையில் அப்பளம் வாட்டிக் கொடுத்தார், புளிப்பு மாங்காய் தேடி அலைந்தார், ஹரிபதோ பாபுவின் சர்க்கரை மாத்திரைகளை வேளைக்கு எடுத்துக் கொடுத்தார். மாதாமாதம் ‘மூடப்படவில்லை’ என்றும் எழுதினார். ஆண் குழந்தை பிறந்தது. மஹாதேவன் என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள் விட்டேக்கர் எழுதி டில்லியில் அச்சான ஒரு சிறு புத்தகம் தபாலில் வந்தது. தபால்காரர் அதைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டார். வைத்தீஸ்வரன் பெயர் அச்சில் வந்திருக்கிறதென்று ஹரிபதோ பாபு சந்தோஷமாக மாடிக்கு எடுத்துவந்து, பாகீரதிக்குக் கேட்கும்படி உரக்க வாசித்து, தமக்குத் தெரிந்த மட்டும் வங்காளத்தில் விளக்கவும் செய்தார். பாகீரதி இத்தனை வருஷத்தில் வங்காளம் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

“பௌதி, கேளுங்கள். பெஹாலாக் கொக்குகள் போன வருஷம் ஆவணியிலிருந்து கண்ணே மூடவில்லையாம்! சீமை விஞ்ஞானிகள் எல்லாரும் திகைத்துப்போயிருக்கிறார்கள். அதற்கு முன்னால் எந்த மாதம் எந்தத் தேதியில் மூடின என்று இதோ, வரிசையாகப் போட்டிருக்கிறது. படிக்கட்டுமா?”

பாகீரதி நாலு தேதி வரைக்கும் கேட்டாள். பிறகு தொட்டிலாட்டுவதை நிறுத்தினாள். ஹரிபதோ பாபு வைத்தியர். முகத்தைப் பார்த்து வியாதி சொல்லுகிறவர். புத்தகத்தை மெதுவாக மேஜை மேல் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

“ஏன்னா.”

வைத்தீஸ்வரன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாசாமாசம் டில்லிக்கு என்ன எழுதிண்டிருந்தேள்?”

“செயப்பாட்டு வினையிலேதான் எழுதினேன்.”

“என்ன பாட்டு?”

“பெயரே வராதுடீ. யாருக்கும் தெரியாது.”

“சீமை வரைக்கும் அச்சுப் போட்டு அனுப்பியிருக்கான், யாருக்கும் தெரியாதா?” பாகீரதியின் குரல் உடைந்தது. அழப்போகிறாள் என்று நினைத்து வைத்தீஸ்வரன் பதறி எழுந்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டபோது குழந்தை விழித்துக்கொண்டுவிட்டது, சுப்புலக்ஷ்மி என்ன என்ன என்று ஓடிவந்தாள், பாகீரதி தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓய்ந்ததும் சொன்னாள்: “இன்னிக்கே எழுதுங்கோ. கொக்குக்குப் பிள்ளை பொறந்திருக்கு, தாயும் சேயும் சௌக்கியம், இனிமே யாரும் விசாரிக்க வேண்டாம்னு எழுதுங்கோ.”

வைத்தீஸ்வரன் அப்படியே எழுதி, அன்றைய தபாலிலேயே போட்டார். பதினைந்து நாளில் டில்லியிலிருந்து பதில் வந்தது. விட்டேக்கருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெண்கண் கொக்கு குஞ்சு பொரித்ததை நேரில் கண்ட முதல் மனிதர் நீங்கள்தான் என்று பாராட்டியிருந்தார். கூடு எந்த மரத்தில், முட்டை என்ன நிறம் என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்துக்கு மட்டும் அவர் பதில் எழுதவில்லை. எந்த வினையில் எழுதினாலும் சரியாக வராது என்று தோன்றிவிட்டது.